ஒரு துப்பாக்கியும் பன்னிரண்டு அவரை விதையும்

1

போன வாரம் ஒரு நாள் காலையில் ரேடியோவில் சொன்னார்கள்: இனிமேல் கனடாவில் துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் முதலில் விண்ணப்பம் போட்டு, போலீஸ் விசாரித்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் கடைக்குப் போக வேண்டுமாம். புதுச் சட்டம் வருகிறதாம். தோசையைப் பிட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் சட்னிக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"பாத்தியா கோமதி! நான் அன்னைக்கே சொன்னேன்லா? ஒரு வார்த்தை கேக்காம ஒரு மனுஷன் கையில துப்பாக்கியத் தூக்கிக் குடுக்கலாமா? இப்பதான் இவங்களுக்குப் புத்தி வந்திருக்கு."

"தோசை ஆறுது, உக்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. ஏதோ அந்தச் சட்டத்தை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி கூடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

துப்பாக்கியா, உங்கள் வீட்டிலா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பாளையங்கோட்டையில் முட்டை ஓடுகூட வாசல்படி தாண்டாத வீடு எங்களுடையது. அவர் வீடு அதற்கும் ஒரு படி மேலே. ஆனாலும் எங்கள் புரோசார்ட் வீட்டு நிலவறையில், பூட்டிய அலமாரிக்குள் ஒரு துப்பாக்கி இருக்கிறது. ஐந்து வருஷமாக இருக்கிறது. அது வந்த கதையைப் பலபேர் பலவிதமாக ஊரில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எங்கள் பெரிய நாத்தனார், நாங்கள் இங்கே கரடிக்குப் பயந்து வாழ்வதாக ஒரு கல்யாண வீட்டில் அழுதே விட்டாராம். அதனால் உள்ளதை உள்ளபடி நானே எழுதிவிடுகிறேன்.

2

உலகக் கண்காட்சி நடந்த வருஷம் நாங்கள் மொன்றியலுக்கு வந்தோம். இவருக்கு டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. அளவுக் கருவிகளுக்கான ஆய்வுக்கூடம். ஒரு இரும்புத் துண்டு ஒரு அங்குலம் என்றால், அது உண்மையிலேயே ஒரு அங்குலம்தானா, எத்தனை பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடக் குறைய இருக்கிறது என்று பார்ப்பதுதான் தொழில். அந்தத் தொழிலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். நான் போட்ட சப்பாத்தி ஒன்றின் கனத்தை அளந்து, "ஓரத்துல அரை மில்லிமீட்டர் ஜாஸ்தி" என்று சொன்ன மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். எனக்கு நீங்கள் கோயில் கட்ட வேண்டாம், ஒரு சின்னப் பாராட்டு விழாவாவது வைக்கலாம்.

முதலில் கோட்-டெ-நெய்ஜ்ஜில் ஒரு அடுக்குமாடி வீடு. அப்புறம் ஆற்றைத் தாண்டி புரோசார்ட். அவருக்கு வேலை இருந்தது. எங்கள் மகள் மீனாவுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. எனக்கு ஜன்னல் இருந்தது. நான் தாவரவியலில் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் கல்லூரியில் பாடம் சொன்னவள். இங்கே அந்தப் பட்டத்தை அனுப்பினேன். மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டு வாருங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். என் வாயிலிருந்து வந்ததை டீச்சர் அம்மாள் என்ன மொழி என்று கேட்டாள். பேக்கரியில் வேலை கேட்டேன். பனிக்காலம் முடியட்டும் என்றார்கள். இங்கே பனிக்காலம் எப்போது முடிகிறது?

பத்து வயசு மீனா, நான் தமிழில் கேட்ட கேள்விக்குப் பிரெஞ்சில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். நான் முறைத்தால், "மெர்சி அம்மா" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொல்லிச் சிரித்துவிட்டு ஓடுவாள். ஒருநாள் அவளுடைய சிநேகிதி வீட்டுக்கு வந்தபோது, நான் ஏதோ பேசப் போக, மீனா என்னை மெதுவாகச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டாள். பெரிய விஷயமில்லைதான். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் மதாம் ஜெர்மேன் பழக்கமானாள். புரோசார்ட்டைத் தாண்டிப் பதினைந்து நிமிஷத்தில் அவளுடைய மாட்டுப்பண்ணை. புருஷனை இழந்தவள், தனி ஆளாக முப்பது மாட்டைக் கட்டி மேய்க்கிறவள், ஆண்பிள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தால் தரை அதிரும். பண்ணை ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை எனக்குத் தோட்டம் போடக் கொடுத்தாள். என் அண்ணன் கடிதத்துக்குள் மடித்து அனுப்பியிருந்த அவரை விதையை அங்கே விதைத்தேன். முளைத்தது, படர்ந்தது, பூ விடப் போகிற நேரத்தில் ஒருநாள் போய்ப் பார்த்தால் தரையோடு தரையாக மொட்டை.

3

அதற்கு இங்கே மர்மோத் என்று பெயர். ஊரில் பெருச்சாளி பார்த்திருப்பீர்கள். அதை நன்றாக நெய்யும் பருப்பும் போட்டு வளர்த்து, ஒரு கம்பளிச் சட்டையும் மாட்டிவிட்டால் மர்மோத். பின்னங்காலில் மனுஷன் மாதிரி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும். நான் அதற்குத் தடியன் என்று பெயர் வைத்தேன்.

மிளகாய்ப் பொடி தூவினேன், தின்றுவிட்டுப் போயிற்று. சாம்பல் போட்டேன். வளைக்குள் தண்ணீர் ஊற்றினேன். இன்னொரு வாசல் வழியாக வந்து என் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது. மதாம் ஜெர்மேனுக்கும் அதன்மேல் கோபம். அது தோண்டிய வளையில் கால் மாட்டி அவளுடைய கறவை மாடு ஒன்று எலும்பு முறிந்து போனது. அவள் தன்னுடைய பழைய துப்பாக்கியை எடுத்துவந்து டமால் என்று சுட்டாள். அந்தத் துப்பாக்கி அவள் மாமனார் காலத்தது, குண்டு எந்தப் பக்கம் போகும் என்பது அதற்கே தெரியாது. தடியனின் பின்னங்காலில் பட்டுவிட்டது. அது கத்திக்கொண்டே இழுத்து இழுத்து வளைக்குள் போயிற்று. நானும் இவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அன்றிரவும் மறுநாளும் இவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "கொல்லக் கூடாது. கொன்னுதான் ஆகணும்னா அதுக்கே தெரியாமக் கொல்லணும். அரைகுறையா அடிக்கது மகா பாவம்" என்றார். தடியன் சாகவில்லை. பத்து நாளில் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, மிச்சமிருந்த தண்டையும் தின்றது.

அண்ணன் கடிதம் எழுதினான்: வீட்டுப் பின்பக்கம் கட்டடம் கட்ட அந்த அவரைக் கொடியை வெட்டிவிட்டோம், இனிமேல் அந்த விதை கிடைக்காது. என் கையில் விதைக்காமல் எடுத்துவைத்த விதை பன்னிரண்டு இருந்தது.

அந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் நான் இவரை உட்கார வைத்துச் சொன்னேன். கோபத்தில் சொன்னதில்லை, யோசித்துத்தான் சொன்னேன். "எனக்கு இந்த ஊர்ல கை வச்சது எதுவும் விளங்கல. இந்தப் பன்னிரண்டு விதையையும் அடுத்த வருஷம் போடுறேன். விளைஞ்சு, நெத்தாகி, விதை எடுத்தேன்னா இங்க இருக்கேன். இல்லன்னா மீனாவக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவேன். விஜயதசமிக்குப் பிறகு கான்வென்ட்ல சேத்துக்கிடுறோம்னு சொல்லிட்டாங்களாம், அண்ணன் விசாரிச்சுட்டான்."

இவர், "விஜயதசமி வரைக்கும் டயம் இருக்குல்லா?" என்று மட்டும் கேட்டார்.

மீனா மாடிப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நான் வரல. நீ போ, நான் அப்பாகூட இருக்கேன்" என்றாள். அதை மட்டும் சுத்தமான தமிழில் சொன்னாள்.

4

மறுநாளிலிருந்து வீட்டில் துப்பாக்கிப் படிப்பு ஆரம்பமாயிற்று. அடேயப்பா! என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவர் இதில் பத்தில் ஒரு பங்குகூட விசாரிக்கவில்லை.

நூலகத்திலிருந்து புத்தகம் புத்தகமாகத் தூக்கிவந்தார். கோடு போட்ட நோட்டில் பத்தி பிரித்து எழுதினார். சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் பாடம் நடக்கும். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி வேண்டாம். அதற்குள் ஆடுகிற சாமான் அதிகம், ஆடுகிறது அதிகமானால் குறி சிதறும். தாழ்ப்பாள் மாதிரி இருப்பதுதான் சரி. பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, தோட்டாவை வைத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்கினால் கதவு பூட்டின மாதிரி பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் பூட்டும். "ஒரே மாதிரி. அதான் விஷயம் கோமதி. நல்லது கெட்டது அப்புறம், முதல்ல ஒரே மாதிரி இருக்கணும்."

தோட்டா விஷயத்தில் ஒரு மாதம் போயிற்று. சின்னது நூறு கெஜத்துக்கு அப்பால் தொய்ந்துவிடும். காயம் மட்டும் படும். பெரியது தடியனைத் தாண்டிப் போய் மதாம் ஜெர்மேனின் மாட்டையும் தாண்டி அமெரிக்கா போய்விடும். கடைசியில் 'மூணு ரெண்டு' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். இருநூற்று இருபத்திரண்டு என்று பெயர். மெல்லிய குண்டு, ரொம்ப வேகம், மண்ணில் பட்டால் அங்கேயே உடைந்து போகும், தெறித்து வேறெங்கும் போகாது. எனக்கே அது கொஞ்சம் பிடித்துப் போயிற்று.

குழல் கனமாக இருக்கணும்; மெல்லிய குழல் இரண்டு தடவை சுட்டால் சூடாகி நெளியும். விசை லேசாக இருக்கணும். விரலுக்கே தெரியாமல் விடுபடணும். இதெல்லாவற்றையும்விட முக்கியம், குழல் கீழே இருக்கிற மரக்கட்டையில் எங்கேயும் ஒட்டக் கூடாது. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கணும். சுடும்போது குழல் அதிரும். அது சுதந்திரமாக அதிர விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிரும். ஒரு பக்கம் மரம் இடித்தால் போச்சு, குண்டு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளிப் போகும். இந்த ஊர்க் கோடை ஈரத்துக்கு மரம் ஊதுமாம், அதனால் அடிக்கடி பார்க்கணுமாம். அதற்கு ஒரு காகிதத் துண்டு போதும். குழலுக்கு அடியில் சொருகி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தால் தடையில்லாமல் வரணும். அதற்கென்று என் அண்ணனின் ஏர் மெயில் கடித உறையை வெட்டி வைத்துக்கொண்டார். அதுதான் வீட்டில் இருந்ததிலேயே மெல்லிய காகிதமாம்.

சனிக்கிழமைதோறும் கடை கடையாகப் போனோம். சட்டைப்பையில் கனம் அளக்கிற மைக்ரோமீட்டர். ரெயால் என்று ஒரு கடைக்காரர், மலை மாதிரி ஆள், முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் கடுப்பானார். மூன்றாம் நாள் தானே கவுன்டரை விட்டு வெளியே வந்து, இவர் காகிதம் இழுக்கிறதைக் குனிந்து பார்த்தார். நான்காம் வாரம் மற்ற வாடிக்கையாளர்களையெல்லாம் கூப்பிட்டு, "இந்த மொசியேவைக் கேளுங்கள்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வந்தவர்கள் இவரைக் கடையில் வேலை பார்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு இவர் ஒரு துப்பாக்கியை விற்றே விட்டார்.

5

துப்பாக்கி வாங்குகிற நாள் வந்தது. இவர் காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, டை கட்டிக்கொண்டு கிளம்பினார். கையில் ஒரு பெரிய ஃபைல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாமா ஒருவருக்குக் காட்டுப்பன்றி தொல்லைக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் தேவைப்பட்டது. கலெக்டர் ஆபீஸ், தாசில்தார் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று இரண்டரை வருஷம் நடந்தார். கிடைப்பதற்குள் பன்றி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அப்புறமும் தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். எங்கள் பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு தேர்தல். அந்தத் துப்பாக்கி மாமா வீட்டில் இருந்ததைவிட ஸ்டேஷனில் இருந்த நாள்தான் அதிகம்.

இதைப் பார்த்து வளர்ந்தவர்தானே இவர்? ஃபைலில் பாஸ்போர்ட், குடியேற்றக் காகிதம், பட்டச் சான்றிதழ், துறைத் தலைவர் கொடுத்த நன்னடத்தைக் கடிதம், வேட்டைச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று நகல். ஒவ்வொரு நகலிலும் 'உண்மை நகல்' என்று யாராவது பெரிய அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டுமே என்று தவித்து, கடைசியில் பல்கலைக்கழகத்துப் பதிவாளரைப் பிடித்துப் போட வைத்திருந்தார். அந்த மனுஷனுக்கு எதற்குப் போடுகிறோம் என்றே தெரியாது. பச்சை மைப் பேனாவும் இவர்தான் கொண்டுபோனார்.

வேட்டைச் சான்றிதழ் கதை தனி. ஒரு பள்ளிக்கூட நிலவறையில் வகுப்பு; கட்டம் போட்ட சட்டையோடு இருபது ஆண்பிள்ளைகள், நடுவில் டையோடு இவர், பக்கத்தில் மொழிபெயர்க்க மீனா. தேர்வில் இவர் இரண்டாவது. முதலாவது மீனா. வயசு காணாது என்று அவளுக்குச் சான்றிதழ் தரவில்லை.

ரெயால் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பெயர், விலாசம் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். இவர் ஃபைலைத் திறந்து நீட்டினார். ரெயால், "அதெல்லாம் எதுக்கு? வேண்டாம் வேண்டாம்" என்று கையை ஆட்டினார்.

"பாஸ்போர்ட்?"

"நோன்."

"நன்னடத்தைக் கடிதம்?"

ரெயால் என்னைப் பார்த்தார். இவருக்கு உடம்பு சரியில்லையா என்கிற மாதிரிப் பார்த்தார். பாத்திரக் கடையில் இட்லிக் கொப்பரை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். கார் ஓட்டும்போது இவர் முகம் தொங்கிப் போயிருந்தது. "எதுவுமே கேக்கலியே கோமதி. நான் யாருன்னு கூடத் தெரியாம... நான் கெட்டவனா இருந்தா?" என்றார். அன்று மாலையே திரும்பப் போய், ஒரு செட் நகலையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று ரெயாலிடம் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் தூங்கினார்.

6

மே மாதக் கடைசியில் பன்னிரண்டு விதையும் போட்டேன். ஒன்பது முளைத்தது. சுற்றிலும் கம்பி வலை, மண்ணுக்குள்ளும் இரண்டடி ஆழம். தடியன் வெளியே நின்று பார்த்துவிட்டு, மதாமின் சோளத்தைத் தின்னப் போய்விட்டான். எனக்கு நிம்மதி. இவருக்கு இல்லை.

ஞாயிறு தவறாமல் பண்ணையின் பின்பக்கம், மண்மேட்டுக்கு எதிரே காகிதம் ஒட்டிச் சுடுவார். நூறு கெஜம். ஐந்து குண்டும் ஒரு இருபத்தைந்து காசு நாணயத்துக்குள் விழணும். அதற்கு முன்னால் உயிருள்ளதைச் சுட மாட்டேன் என்று சபதம். ஜூனில் ஐந்தும் ஒரு சாசருக்குள் விழுந்தன. ஜூலையில் ஒரு டம்ளர் வாய்க்குள். நோட்டில் காற்று, வெயில், தோட்டாப் பெட்டியின் எண், அன்று காலை எத்தனை கப் காப்பி குடித்தார் என்பது வரைக்கும் எழுதுவார். பிறகு காப்பியை நிறுத்திவிட்டார். காலையில் காப்பி இல்லாத அந்த மனுஷனோடு ஆகஸ்ட் முழுக்க நான் பட்ட பாடு எழுதி மாளாது.

மதாம் ஜெர்மேன் வேலி மேல் சாய்ந்து நின்று, "உன் புருஷன் அதைச் சுடப் போகிறானா, அதற்குக் கல்யாணம் பேசப் போகிறானா?" என்று கேட்டாள். மீனா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

செப்டம்பர் நடுவில் நாணயம் நிறைவேறிற்று. ஐந்து ஓட்டை, ஒன்றின் மேல் ஒன்று. அந்தக் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அதே வாரம்தான் தடியன் வலைக்கு அடியில் மூன்றடி தோண்டி உள்ளே வந்தான். பனித்தூக்கத்துக்கு முன்னால் கொழுக்க வேண்டுமே! ஒன்பது கொடியில் ஐந்து போயிற்று. நாலு கொடியில் காய் முற்றி, நெற்றாகிக் காய ஆரம்பித்திருந்தது. விதை எடுக்க இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். இவர் இரண்டு சனி, ஞாயிறு காத்துக் கிடந்தார். அந்த நாலு நாளும் தடியன் தலையே காட்டவில்லை.

அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது: எல்லாம் தயார், எந்த விமானம் என்று எழுது. படித்துவிட்டு என் மனசு துள்ளியது. பொய் சொல்லக் கூடாது, துள்ளத்தான் செய்தது.

7

அந்த வருஷம் வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை, சனிக்கிழமை விஜயதசமி.

பலகை போட்டு, மீனாவின் புத்தகம், என் தையல் மெஷின், அரிவாள்மணை, இவருடைய மைக்ரோமீட்டர் எல்லாம் வைத்தேன். இவர் தயங்கித் தயங்கி நிலவறையிலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவந்தார். தாழ்ப்பாளைக் கழற்றித் தனியாக வைத்து, உள்ளே தோட்டா இல்லை என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டார்.

"இதையும் வைக்கலாமா?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வைக்காம வேற எத வைக்க?" என்றேன். எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் நிஜமான ஆயுதம் அதுதான் முதல் தடவை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு என்றால் இதற்கு வரிசையாக ஐந்து பொட்டு, நடுவில் குங்குமம். பூ வைத்து, சுண்டல் படைத்து, சூடம் காட்டினோம். மீனா "அம்மா, துப்பாக்கி கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை எடுக்கும்போது சந்தனம் காய்ந்திருந்தது. இவர் துடைக்கத் துணியை எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே வைத்துவிட்டார். "இருக்கட்டும். நீ போட்டது" என்றார். மேலே இருந்த பூவை மட்டும் எடுத்துச் சாமி படத்தில் வைத்தார். அன்று காகிதம் இழுத்துப் பார்க்கவில்லை.

அன்றிரவு உறைபனி என்று ரேடியோ சொல்லியிருந்தது. கொடிக்குப் போர்த்தப் பழைய படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு மூவரும் போனோம்.

8

பத்து மணிக்குத் தடியன் வந்தான். வெயிலில் மேட்டு மேல் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தான். இவர் தரையில் படுத்து, மணல் மூட்டையில் குழலை வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். சுட்டார். தடியனுக்கு இடதுபக்கம் நாலு விரல் தள்ளி மண் பறந்தது. அவன் வளைக்குள் மறைந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தான். மறுபடி சுட்டார். அதே இடதுபக்கம், அதே நாலு விரல்.

இவர் எழுந்தார். துப்பாக்கியைக் காலி பண்ணி, தாழ்ப்பாளைக் கழற்றி, விரிப்பு மேல் வைத்துவிட்டு, காரில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே போனேன். நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். காற்று இல்லை. வெயில் சாதாரணம். தோட்டா அதே பெட்டி. கடைசி வரியில், 'பிழை: சுட்டவன்.'

"கை சரியில்ல கோமதி" என்றார். "இன்னிக்கு இனிமே அது வெளிய வராது. நாம இல்லாதப்ப மிச்சத்தத் தின்னுரும். சொன்னது சொன்னதுதான. திங்கக்கிழமை போய் உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் சொல்லிடுதேன். மீனாகிட்ட நான் பேசுதேன், வருவா." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை அதில்.

துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கலாம் என்று திரும்பி வந்தேன். எடுக்கும்போதுதான் பார்த்தேன். என் ஐந்து பொட்டில் மூன்று, இரும்பும் மரமும் சேருகிற இடத்தில் வலதுபக்கமாக வழிந்து, உள்ளே இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது. பெட்டியில் இருந்த ஏர் மெயில் துண்டை எடுத்துச் சொருகினேன். பாதியில் நின்றது. இழுத்துப் பார்த்தேன். நின்றது நின்றதுதான்.

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சும்மா இருந்தால் போதும். பெட்டியை மூடினால் போதும். தீபாவளிக்குப் பாளையங்கோட்டையில் இருப்பேன். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவரும் ஆயுசு முழுக்கத் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கடைசி வரி என் கண்ணிலேயே நின்றது. எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்! ஒரு வருஷமாக, காப்பியைக்கூட விட்டுவிட்டு, ஒரு பூச்சிக்குக்கூட வலிக்கக் கூடாது என்று அளந்து அளந்து சேர்த்த மனுஷன், நான் போட்ட பொட்டைத் துடைக்க மனசு வராமல் விட்ட மனுஷன், இப்படி எழுதிவைக்கிறாரே! ஒரு வார்த்தை என்னைக் கேட்கக் கூடாதா?

"என்னங்க!" என்று நான் கத்தின கத்தலில் மதாமின் மாடுகள் தலை தூக்கின. "இங்க வாங்க. அந்த நோட்டையும் கொண்டாங்க."

வந்தார். காகிதத் துண்டை அவர் கையில் கொடுத்து, இழுக்கச் சொன்னேன். இழுத்தார். நின்றது. குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிழை சுட்டவன் இல்ல. பொட்டு வச்சவ. அடிச்சு எழுதுங்க" என்றேன். தலையிலிருந்து ஊசியை எடுத்துச் சுரண்டினேன். சந்தனம் துண்டு துண்டாக விழுந்தது. மீனா ஊதினாள். அவர் மறுபடி காகிதத்தை இழுத்தார். கோடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"கோமதி" என்றார். "நீ சொல்லாம இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம்."

"அப்ப டிக்கெட்டு?"

"சவத்த விடுங்க. அங்க பாருங்க, வந்துட்டான்."

முதலில் மண்மேட்டைப் பார்த்து ஒரு குண்டு. நினைத்த இடத்தில் விழுந்தது. தடியன் உள்ளே ஓடி, அரை மணியில் திரும்பி வந்தான். அடுத்தது ஒன்றே ஒன்று. அவனுக்குத் தெரிந்திருக்காது. நின்றவன் அப்படியே சாய்ந்தான். இவர் தானே குழி வெட்டிப் புதைத்து, மதாமின் கொட்டிலில் தலைமுழுகிவிட்டு, நடுங்கிக்கொண்டே வந்தார். நானும் மீனாவும் கொடிக்கு விரிப்புப் போர்த்தினோம். மீனா நெற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று தமிழில் ஆரம்பித்து, இருபதுக்கு மேல் பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். நான் முறைக்கவில்லை.

ராத்திரி அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். நாலே வரி. "நாங்கள் வரவில்லை. கான்வென்ட்டில் சொல்லிவிடு. எல்லோரும் சௌக்கியம். பாகல் விதையும் புடலை விதையும் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பு, இங்கே நிலம் நிறையக் கிடக்கிறது."